மதம் கொல்லச் சொல்கிறதா? மட்டக்களப்பிலிருந்து சில கேள்விகள், பதில்கள்

நான் மட்டக்களப்பான். சைவக் குடும்பம். தமிழ்ப் பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, எங்கள் நகரத்துச் சீயோன் தேவாலய வாசலில் ஒருவன் தன் உடம்போடு குண்டை வெடிக்க வைத்தான். செத்தவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். ஞாயிறு பாடசாலை முடிந்து, ஆராதனைக்கு முன் ஏதாவது கடித்துக்கொள்ள வெளியே வந்து நின்றவர்கள். குண்டு கொண்டுவந்தவனின் ஊர் காத்தான்குடி, முஸ்லிம்களின் ஊர். எங்கள் பஸ் நிலையத்திலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய தூரம். அதே காலையில் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் இன்னும் இரண்டு தேவாலயங்கள், மூன்று பெரிய ஹோட்டல்கள். மொத்தம் 260 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அன்றிலிருந்து ஊரிலும், கனடாவிலிருந்து பேசும் உறவுக்காரரும், தமிழ்நாட்டு நண்பர்களும் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மதம் வன்முறையைத் தூண்டுகிறதா, இல்லையா?

தூண்டுகிறது. தடுத்தும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எப்போது தூண்டுகிறது என்பதுதான் என்னை வருத்தும் கேள்வி.

சிங்கள பௌத்தர்களின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தில் ஒரு கதை வரும். எல்லாளனை வென்ற துட்டகைமுனு தன்னால் செத்த ஆயிரமாயிரம் பேரை நினைத்துத் தூக்கமின்றித் தவிப்பான். ஆறுதல் சொல்ல வந்த பிக்குமார் கணக்கொன்று சொல்வார்கள்: நீ கொன்றது ஒன்றரை மனிதரை மட்டுமே. புத்தரைச் சரணடையும் திரிசரணம் மட்டும் கொண்டவன் அரை மனிதன், பஞ்சசீலமும் ஏற்றவன் முழு மனிதன். மற்றவர்கள் விலங்குக்குச் சமம். எறும்பையும் மிதிக்காதே என்று போதிக்கும் மதத்தின் பெயரில் இப்படி ஒரு கணக்கு! எதிரே நிற்பவனை மனிதக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் எந்த மதக்காரனும் கொல்லுவான். மதம் அந்தக் கணக்குக்குக் கடவுளின் கையெழுத்தைப் போட்டுக் கொடுக்கும்போது, அதற்கு மேல் அப்பீல் இல்லாமல் போகிறது. மதத்தின் தனி ஆபத்து என்று நான் நினைப்பது இதைத்தான்.

குர்ஆனிலேயே "கண்ட இடத்தில் கொல்லுங்கள்" என்று இருக்கிறதே?

இருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயம், ஐந்தாம் வசனம். இல்லை என்று சொல்பவர் உங்களை ஏமாற்றுகிறார். ஆனால் அதே பக்கத்தை முழுதாக வாசியுங்கள். அந்த அத்தியாயம் முஸ்லிம்களோடு செய்த உடன்படிக்கையை முறித்த அரபுக் குலங்களைப் பற்றிய அறிவிப்போடு தொடங்குகிறது. நான்காம் வசனம், உடன்படிக்கையைக் காத்தவர்களுக்கு விலக்குத் தருகிறது. ஆறாம் வசனம், அந்த எதிரிகளில் ஒருவன் உன்னிடம் அடைக்கலம் கேட்டால் அடைக்கலம் கொடு, பிறகு அவனுக்குப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய் விடு என்கிறது. ஐந்தை மட்டும் பிய்த்தெடுத்து, முன்னும் பின்னும் இருப்பதை விட்டுவிடுவதில் தீவிரவாதிக்கும் முஸ்லிம் வெறுப்பாளருக்கும் அப்படி ஓர் ஒற்றுமை.

"மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்பது 2:256. ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனித குலத்தையே கொன்றவன் போல என்பது 5:32. உங்களோடு போரிடுவோரோடு போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்பது 2:190.

ஆனால் முஸ்லிம் நண்பர்கள் பலர் இந்த இடத்தோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள். முடியவில்லை. ஒன்பதாம் அத்தியாயம் பிந்தி இறங்கியது, ஆகவே அது முந்தைய சமாதான வசனங்களை ரத்துச் செய்துவிட்டது என்று எழுதிய பழைய உலமாக்கள் இருக்கிறார்கள். இன்று கொலைக்குப் போகிறவன் சும்மா ஒரு வசனத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு பழைய வாதத்தையும் கூடத் தூக்கிக்கொண்டு போகிறான். அந்த வாதத்துக்கு, அதே மரபைக் கரைத்துக் குடித்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லியும் இருக்கிறார்கள். 2014இல் ஐ.எஸ். தலைவன் பக்தாதிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட இஸ்லாமிய அறிஞர்கள் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவன் செய்யும் ஒவ்வொன்றும் மார்க்கத்தில் ஏன் ஆகாது என்று, அவன் பேசும் அதே சட்ட மொழியில்.

பைபிளிலும் கீதையிலும் இப்படி இல்லையா?

உபாகமம் 20ஆம் அதிகாரத்தில், கைப்பற்றும் சில நகரங்களில் மூச்சுள்ள எதையும் உயிரோடு விடாதே என்று வருகிறது. கீதை போர்க்களத்தில் சொல்லப்பட்டது. காந்தியும் படித்தார், கோட்சேயும் படித்தான். நம் சைவத்தில் மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறிய கதை இருக்கிறது. அது வரலாற்றில் உண்மையில் நடந்ததா என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு: நடக்காத ஒன்றாகவே இருந்தாலும், அதை வெற்றியாகப் பாடி, கோயிலில் ஓவியமாகத் தீட்டி, திருவிழாவில் நினைவுகூர நமக்குக் கூச்சம் வரவில்லை.

அப்படியானால் மதமே இல்லாவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்?

எங்கள் ஆட்களைப் பற்றி நானே சொல்ல வேண்டிய இடம் இது.

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் இஷா தொழுகை நடந்துகொண்டிருந்தது. ஆயுதங்களோடு உள்ளே போனவர்கள் தொழுகை வரிசைகளைப் பின்பக்கமாகச் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சிறுவர்களும்தான். இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், பொறுப்பேற்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகமும் இல்லை. பள்ளிச் சுவரில் அந்தத் துவாரங்களைப் பூசாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் பார்த்தபோது சில துவாரங்கள் என் முழங்கால் உயரத்தில் இருந்தன. சுஜூதில், நெற்றி நிலத்தில் பட, இருந்தவர்களின் உயரம்.

அடுத்த வாரமே ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அதே நாட்களில் வீரமுனையில் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினரின் கை இருந்தது. ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்து வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதும் சேர்த்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். தமிழ் பேசியவர்கள், தமிழில் கனவு கண்டவர்கள்.

புலிகள் மத இயக்கம் இல்லை. கரும்புலிகளுக்கு யாரும் சொர்க்கம் வாக்களிக்கவில்லை. அங்கே கடவுளின் இடத்தில் "துரோகி" என்ற சொல் இருந்தது. அது விழுந்த ஆளுக்கு அதற்கு மேல் பெயரோ பிள்ளை குட்டியோ கிடையாது. ஏகத்துவம் பேசும் தவ்ஹீத்காரரின் மேடையில் ஒருவனை "முர்தத்", மதம் மாறியவன், என்று அழைத்தபோது என் காதில் விழுந்தது பழைய சொல்தான். கம்போடியாவில் கெமர் ரூஜ் மதத்தையே ஒழித்தது, பிக்குகளைத் துறவு கலைக்கச் செய்தது, சாம் முஸ்லிம்களைக் கொன்று குவித்தது. மதத்தை எடுத்துவிட்டதால் அங்கே ரத்தம் குறையவில்லை.

பிறகு ஏன் "இது உண்மையான இஸ்லாமே இல்லை" என்ற பதிலை நீங்கள் ஏற்பதில்லை?

அந்தப் பதில் வலியிலிருந்து வருகிறது என்று தெரியும். தன் உம்மா ஓதும் கிதாபை ஒருவன் குண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனால் யாருக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றும். ஆனாலும் உயிர்த்த ஞாயிறு குண்டுதாரிகளின் தலைவன் சஹ்ரான் மார்க்கம் படித்தவன். பன்னிரண்டு வயதில் அரபுக் கல்லூரியில் சேர்ந்தவன், குர்ஆனை மனனம் செய்தவன். அவன் பேச்சைக் கேட்டுத் தலையாட்டியவர்களும் தொழுகையாளிகள்தான். "இதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்று கதவைச் சாத்திவிட்டால், வீட்டுக்குள் எந்த மூலையில் அது முளைத்தது என்று தேட முடியாது. ஏறாவூருக்கும் மீரா பள்ளிக்கும் "அது உண்மையான போராட்டம் இல்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் இதுவும்.

சஹ்ரான் எப்படி உருவானான்?

இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். 2019இல் அல்ல, அதற்குப் பல காலம் முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்று ஒரு பேச்சு உண்டு. குழலில் மாவும் பூவும் மாறி மாறி அடுக்கி அவிப்போமே, அதுபோல ஊருக்கு ஊர் மாறி மாறிக் குடியிருப்பு. இரு பக்கமும் தாய்வழிக் குடி முறை. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குப் போவான். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயரும் குடிவழியாகத்தான் வந்தார்கள். காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவரும் காக்கா ஒருவர் எங்கள் திண்ணையில் துணி மூட்டையை அவிழ்த்தால் அம்மா அரை நாள் வேலையை விட்டுவிடுவார். கடனுக்குத்தான். தீபாவளிச் சேலைக்குத் தை மாதம் வரை காசு வாங்க வருவார்.

1990 அந்தப் பிட்டுக் குழலை உடைத்தது. காத்தான்குடி தனக்குள் சுருங்கியது. பயந்துபோன ஊர் தன்னைக் காக்க எதையாவது பற்றிக்கொள்ளும். வளைகுடாவுக்கு உழைக்கப் போனவர்கள் காசோடு அங்கிருந்த மார்க்கத்தையும் கொண்டுவந்தார்கள். பெரிய தெருவின் நடுவில் பேரீச்சை மரங்கள் வந்தன. மரத்தில் குற்றமில்லை. ஆனால் அதோடு, அவுலியாக்கள் என்ற இறைநேசர்களின் அடக்கத்தலத்துக்கு ஸியாரத் போவது இணைவைப்பு, அங்கே கந்தூரி கொடுப்பது வழிகேடு, சூஃபி வழியான தரீக்காக்காரன் முஸ்லிமே இல்லை என்ற பேச்சும் வந்தது. அந்த விதை அதற்கும் முந்தையது: ஊரின் சூஃபிக் குழுவொன்றின் தலைவரையும் அவரைப் பின்பற்றியோரையும் மதம் மாறியவர்கள் என்று 1979இலேயே உலமாக்கள் பத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுத்திருந்தார்கள். 2004இலும் 2006இலும் சூஃபிகளின் வீடுகளும் கட்டிடங்களும் தாக்கப்பட்டன. நாங்கள் அதை "அவங்கட உள்வீட்டுச் சண்டை" என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

சஹ்ரான் ஆசிரியர்களோடு முரண்பட்டுக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டு, தனியாக ஒரு தவ்ஹீத் அமைப்பை நடத்தினான். பேச்சாளி. அது முக்கியம். நல்ல தமிழ் பேசினான். பயான்களை, தன் மார்க்கப் பேச்சுகளை, வீடியோவாக இணையத்தில் போட்டான். தமிழ்நாடு வரை கேட்டார்கள். 2017 மார்ச் 10ஆம் திகதி அலியார் சந்தியில் அவன் ஆட்களும் சூஃபிகளும் மோதினார்கள். வாள்கள் வந்தன, வீடுகளுக்குத் தீ வைக்கப்பட்டது. அதன் பிறகு அவன் தலைமறைவு. கிறிஸ்தவர்களைக் கொல்வதற்கு இரண்டு வருடம் முன்பே அவன் கத்தி முஸ்லிம்களின் கழுத்தில்தான் இருந்தது. சூஃபி மக்கள் மனுக்கள் கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள். அரசாங்கம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏழ்மையும் படிப்பின்மையும் காரணம் இல்லையா?

இல்லை. ஹோட்டல்களில் வெடித்தவர்களில் இருவர் கொழும்பின் பெரிய மிளகு, கறுவா வியாபாரி ஒருவரின் பிள்ளைகள். அன்று தன்னை வெடிக்க வைத்த இன்னொருவன் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவன்.

முஸ்லிம்கள் ஏன் இதைக் கண்டிப்பதில்லை?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் கோபம் தருகிறது. கேட்பவர் பெரும்பாலும் பதிலைக் காதில் வாங்கத் தயாராக இல்லை.

2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. உடைத்தவர்களைப் பிடிக்கப் பொலிஸுக்கு உதவியவர் அந்த ஊர் முஸ்லிம் ஒருவர், ஓர் அமைச்சரின் இணைப்புச் செயலாளர். அடுத்த மாதம் வனாத்தவில்லுத் தென்னந்தோட்டத்தில் வெடிபொருட் குவியல் அகப்பட்டது, அதிலும் அவர் பங்கு உண்டு. 2019 மார்ச்சில் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரின் தலையில் சுட்டார்கள். உயிர் தப்பினார், உடம்பின் ஒரு பக்கம் போய்விட்டது. ஆறு வாரத்தில் உயிர்த்த ஞாயிறு.

குண்டுகளுக்கு ஐந்து நாள் கழித்து, சாய்ந்தமருதில் வாடகை வீடொன்றில் வந்திறங்கிய புதியவர்களைச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தவர்களும் அந்த ஊர் முஸ்லிம்களே. சுற்றிவளைத்தபோது உள்ளே இருந்தவர்கள் தங்களையே வெடிக்க வைத்தார்கள். சஹ்ரானின் பெற்றோர், சகோதரர்கள், ஆறு குழந்தைகள் அங்கே முடிந்தார்கள். குண்டுதாரிகளின் உடல்களை எங்கள் மையவாடிகளில் ஏற்க மாட்டோம் என்று நாட்டின் உலமா சபை அறிவித்தது.

அந்த ஏப்ரலில் தூங்கியது அரசு. இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4ஆம் திகதியே பெயர் சொல்லி எச்சரித்தது. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேனவைப் பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது.

மத நிந்தனைக்கும் மதத்தை விட்டுப் போவதற்கும் மரண தண்டனை என்பது சகிப்பின்மை இல்லையா?

சகிப்பின்மைதான். இதில் நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை. பாகிஸ்தானில் நபியை நிந்திப்பதற்கு மரண தண்டனை என்று சட்டம் வந்தது 1986இல், ஜெனரல் ஸியாவின் ஆட்சியில். அந்தச் சட்டத்தில் சிக்கிய கிறிஸ்தவப் பெண் ஆசியா பீபிக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீரை 2011 ஜனவரியில் அவருடைய மெய்க்காவலனே சுட்டுக் கொன்றான். கொலைகாரன்மேல் ரோஜா இதழ் தூவியவர்களில் வக்கீல்கள் இருந்தார்கள். 2021 டிசம்பரில் சியால்கோட்டில் ஒரு தொழிற்சாலை மேலாளரை, எங்கள் நாட்டவரை, நிந்தித்தார் என்று சொல்லிக் கும்பல் அடித்துக் கொன்று எரித்தது. அவரைத் தன் உடம்பால் மறைத்துக் காப்பாற்றப் பார்த்த பாகிஸ்தானிய முஸ்லிம் சக ஊழியரையும் நான் மறப்பதில்லை. தமிழ்நாட்டில் 2017 மார்ச்சில் கோவையில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து கடவுள் மறுப்பாளரான ஓர் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

"மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை" என்ற வசனத்தை மற்ற மதத்தவருக்கு ஓதிக்காட்டும் உலமாக்கள், உள்ளே இருந்து வெளியே போகிறவனுக்கும் அதே வசனம் பொருந்தும் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்பவர்கள் இருக்கிறார்கள், குரல் மெல்லியது. உயர வேண்டும் என்று முஸ்லிம் நண்பர்களிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். சிலர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

மதம் வன்முறையைத் தடுத்த இடம் ஒன்றாவது காட்டுங்கள்.

பெஷாவரில் 1930 ஏப்ரல் 23, கிஸ்ஸா குவானி கடைத்தெரு. எல்லை காந்தி எனப்பட்ட அப்துல் கஃபார் கானின் குதாயி கித்மத்கார்கள் (இறைவனின் தொண்டர்கள்), பரம்பரைப் பகைக்குப் பேர்போன பட்டாணியர்கள், கையில் ஆயுதமின்றி ஆங்கிலேயத் துப்பாக்கிகளுக்கு முன்னால் நின்று செத்தார்கள். அஹிம்சையை இஸ்லாத்திலிருந்துதான் எடுத்தேன் என்றார் கான். அங்கே சுட மறுத்த கட்வாலிச் சிப்பாய்கள் இந்துக்கள்.

ருவாண்டாவில் 1994, டுட்ஸி இனத்தவர்மேல் நடந்த இனப்படுகொலை. நாட்டில் பெரும்பான்மை கிறிஸ்தவர்கள். தஞ்சம் தேடித் தேவாலயங்களுக்குள் ஓடிய டுட்ஸிகள் அங்கேயே கொல்லப்பட்டார்கள். தன் தேவாலயத்தை உள்ளிருந்தவர்களோடு சேர்த்து இடிக்கத் துணைபோன ஒரு பாதிரியாருக்கு ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் ஆயுள் தண்டனை கொடுத்தது. அதே நாட்களில் சிறுபான்மையான முஸ்லிம்கள் பலர் டுட்ஸிகளை வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் ஒளித்து வைத்தார்கள். இதை வைத்து இஸ்லாம் நல்லது, கிறிஸ்தவம் கெட்டது என்று ஒருவர் முடிவு கட்டினால், அவர் உயிர்த்த ஞாயிறை வைத்து மறுபக்கம் முடிவு கட்டுபவரின் சகோதரர்.

குண்டுக்குப் பிறகு உங்கள் நாட்டு முஸ்லிம்கள் எப்படி நடத்தப்பட்டார்கள்?

மே மாதமே குருநாகல், கம்பஹா பக்கம் முஸ்லிம் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. கொரோனா வந்ததும் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்றார்கள். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியும் விடவில்லை. 2020 டிசம்பரில் பெற்றோர் சம்மதமின்றி இருபது நாள் குழந்தை ஒன்று பொரளையில் எரிக்கப்பட்டது. அந்த மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிக் கீலங்களைக் கட்டினார்கள். கட்டியவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு. 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழர்கள் நடந்தபோது, அந்த எரிப்பை நிறுத்தச் சொல்லும் கோரிக்கையும் சேர்ந்தது. முஸ்லிம்கள் வழியில் வந்து இணைந்தார்கள். தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்த பொடியன்களை நான் கண்டேன். மார்ச்சில் ஓட்டமாவடியில் புதைக்க விட்டார்கள். 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது.

என் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

பக்கத்து ஊர்ப் பிள்ளைகளை முதலில் பார்க்க விடுங்கள். எங்கள் பகுதியில் தமிழ்ப் பாடசாலை வேறு, முஸ்லிம் பாடசாலை வேறு. இரண்டிலும் ஒரே தமிழ்ப் புத்தகம். ஆரையம்பதிப் பிள்ளையும் காத்தான்குடிப் பிள்ளையும் ஒரே வீதியின் இரண்டு பக்கத்தில் வளர்ந்து, பதினெட்டு வயது வரை ஒரு வாங்கில் உட்காராமலே போய்விடலாம்.

நான் படிப்பித்த காலத்தில் இரு பக்கமும் ஒன்றாக வரும் நாள் தமிழ்த்தினப் போட்டி மட்டுந்தான். ஒருமுறை நடுவராக இருந்தேன். பேச்சுப் போட்டிக்குக் காத்தான்குடியிலிருந்து வந்த பிள்ளை புறநானூற்றுப் பாட்டொன்றின் மூன்றாம் வரியில் தடுமாறி நின்றுவிட்டது. முன்வரிசையில் அடுத்த முறைக்காகக் காத்திருந்த எங்கள் பாடசாலைப் பொடியன் அடக்க மாட்டாமல் வாய்விட்டு அடியெடுத்துக் கொடுத்துவிட்டான். விதிப்படி இருவருக்கும் புள்ளி குறைக்க வேண்டும். "சேர், அவனுக்குக் குறைக்காதீங்க, நான்தான் மறந்தேன்" என்று அந்தப் பிள்ளை மேடையிலிருந்தே சொன்னது. நான் யாருக்கும் குறைக்கவில்லை.